சர்க்கரை காவல் காத்த மருந்துப் பக்கம்

குறிச்சாம்பாறையில் சர்க்கரை முதன்முதலாக இனிப்பதை நிறுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த கபூர் பாயிடம் ஒரே நேரத்தில் ஏழு பேர் தம்ளரை நீட்டி, "பாய், சர்க்கரை போட மறந்துட்டீங்க" என்றார்கள். அவரும் மறுபேச்சு பேசாமல் ஆளுக்கொரு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொடுத்தார், குடித்தவர்கள் மறுபடியும் நீட்டினார்கள், மறுபடியும் போட்டார், மூன்றாவது தடவை டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தபோது ஆற்றுமணலை வைத்ததுபோல் இருந்தது. அதே நேரத்தில் பஸ் ஸ்டாண்டு முக்கில் குப்புராஜின் ஸ்வீட் ஸ்டாலில் மைசூர்பாகு வாங்கிக் கடித்தவர் அதை வாயிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோயில் வாசலில் வாழைப்பழம் உரித்தவர்களுக்கு வாழைத்தண்டு தின்பதுபோல் இருந்தது, வெல்லமும் தேனும் கரும்பும் அப்படியே. ஊர்ப் பெயர் எழுதிய பஞ்சாயத்துப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று தின்றால் எல்லாம் வழக்கம்போல் இனித்தது. பதினொன்று இருபதுக்கு இனிப்பு தானாகத் திரும்பி வந்தது. கபூர் பாய் டப்பாவைக் கழுவிக் காயவைத்தார், அத்துடன் ஊர் அதை விட்டுவிட்டது.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை அப்படி ஆனது. முதலில் சர்க்கரை மூட்டையைக் குறை சொன்னார்கள், பிறகு தண்ணீர்த் தொட்டியை, பிறகு புதிதாக நட்ட செல்போன் கோபுரத்தை. காரணத்தைக் கண்டுபிடித்தவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்துகொடுக்கும் தாவீது. மூன்றாவது தடவை அவன் கபூர் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து, இனிக்காத டீயை ஒரு கையிலும், வெப்சைட் திறக்காத போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெப்சைட் திறந்த அந்த நொடியில் வாயில் இருந்த மடக்கு இனித்தது.

"அட, இது நம்ம செங்கமலம் அக்காவோட மருந்துப் பக்கத்தால வர்றது" என்றான். கபூர் பாய் தலையாட்டினார். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இன்ன குழாயைத் திறந்தால் இன்ன தெருவுக்குத் தண்ணீர் போகும் என்பதைப்போல் அதை ஊர் ஏற்றுக்கொண்டது.

செங்கமலம் எதிரே இருந்த அந்தச் சுகாதார நிலையத்தில் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மருந்து கொடுப்பவள். நாற்பத்து மூன்று வயது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி மணிமாறனைக் கடலைக்காட்டில் பாம்பு கடித்தபோது, பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே மருந்து தீர்ந்துவிட்டது என்றார்கள், அடுத்த ஆஸ்பத்திரியிலும் தீர்ந்துவிட்டது, மூன்றாவதில் மருந்து இருந்தது, தம்பி இல்லை. அந்த ஊர்ப்பக்கமெல்லாம் மலையடிவாரம், கடலையும் மரவள்ளியும் விளைகிற மண், பாம்புக்குக் குறைவில்லை. காரியம் முடிந்த பத்தாம் நாளிலிருந்து அவள் தினமும் காலையில் சுற்றுவட்டாரத்து இருபத்து மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு, பாம்புக்கடி மருந்து இன்றைக்கு எத்தனை குப்பி இருக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். தாவீது அதை வெப்சைட்டாக ஆக்கிக் கொடுத்தான். யார் வேண்டுமானாலும் போனில் திறந்து, எந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுவது என்று ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம். நெட் கிடைக்காத நேரத்துக்காக முன்பே குறித்து வைத்துக்கொள்ளும்படி அடியில் அவளுடைய போன் நம்பரும் இருந்தது.

ஆனால் வெப்சைட் என்றால் அது எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் குடியிருக்க வேண்டும், தாவீது பிடித்திருந்தது மலிவான குடியிருப்பு. "நானூறு குடித்தனம் இருக்கற ஒரே வீடு மாதிரி அண்ணா" என்று அவன் குப்புராஜுக்கு விளக்கினான். "ஒருத்தர் வீட்டுல விசேஷம்னா மத்தவங்களுக்குத் தண்ணி வராது. அப்படித்தான் இது அடிக்கடி திறக்காம விழுந்துடுது."

"பாம்பு மருந்து எனக்குத் தெரியாதுப்பா" என்றார் குப்புராஜ். முப்பது வருஷமாக எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்று சிவந்த மனிதர். "தீபாவளி வருது. என் லட்டு இனிக்கணும். அவ்வளவுதான்."

ஊர் அந்த அதிசயத்தோடு பழகிக்கொண்டது. கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுவதற்கு முன்னால் பெண்ணின் மாமா ஒருவர் போனைத் திறந்து பார்த்து, "பக்கம் இருக்கு, ஊத்தலாம்" என்று கை காட்டுவார். பிள்ளையார் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் படைக்கிற நேரத்தைப் பூசாரி பஞ்சாங்கத்தில் ஒரு தடவையும் போனில் ஒரு தடவையும் பார்த்துக் குறித்தார். டீயில் சர்க்கரை போட மறந்துபோன மருமகள்கள் "பக்கம் விழுந்திருக்கும் அத்தை" என்றார்கள், அத்தைகளும் போனை எடுத்துச் சரிபார்க்கக் கற்றுக்கொண்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும், எங்களுக்கு வருஷம் முழுக்க இப்படித்தானே என்று சிரித்தார்கள். வெளியூர் விருந்தாளிகளிடம் இதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் பொறுத்துச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

பக்கம் விழுந்த மறு நிமிஷம் செங்கமலத்தின் போன் அடிக்கும்.

"மேடம், கேசரி கிளறிட்டு இருக்கேன், இறக்கலாமா, எப்ப வரும்?"

"மேடம், பொண்ணு பார்க்க வந்திருக்காங்க. கொஞ்சம் சீக்கிரம் பாருங்களேன்."

அவள் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சன்னலில் மாத்திரை வாங்க நின்றவர்கள் காத்திருந்தார்கள். ஒருநாள் தாவீது ஜெராக்ஸ் தாள் கொண்டுவந்து கொடுத்தபோது மட்டும், "அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு இந்த ஊர்ல ஒருத்தராவது படிச்சிருப்பாங்களா தாவீது?" என்று கேட்டாள். "சர்க்கரைக்காகவாவது எட்டிப் பார்க்கறாங்கக்கா" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை எண்ணினாள்.

ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், மேல்பாறைக் காட்டில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்த பவுனாம்பாளின் கணுக்காலில் நாகம் கடித்தது. அவள் புருஷன் சின்னையன் காலை அசையவிடாமல் துண்டாலும் ஒரு கம்பாலும் கட்டி, ரோட்டுக்குத் தூக்கி வந்து, போகிற ஆட்டோவை மறித்து ஏற்றினான். ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து எந்தப் பக்கம் என்றார். இடது பக்கம் ஒன்பது மைல், வலது பக்கம் பன்னிரண்டு மைல். சின்னையன் மருந்துப் பக்கத்தைத் திறந்தான். வெள்ளையாக நின்றது. அடியில் இருந்த நம்பர் அவன் போனில் முன்பே பதிந்திருந்தது, அதற்குப் போட்டான். லைன் பிஸி. மறுபடியும் போட்டான். பிஸி.

"கிட்டத்துல போயிடலாங்க" என்றார் ஆட்டோக்காரர், வண்டியை இடது பக்கம் ஒடித்தார்.

அந்த நேரத்தில் குறிச்சாம்பாறையில் டீ சப்பென்று ஆகி ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. செங்கமலத்தின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. தாவீது அந்த மலிவான கம்பெனிக்குப் பேசினான், "பார்த்துக்கிட்டிருக்கோம் சார்" என்று ஒரு குரல் பாடம் ஒப்பித்தது. போன வாரம் சலித்துப்போய் அவன் மருந்துப் பக்கத்தின் நகல் ஒன்றை வேறோர் இடத்தில் போட்டு வைத்திருந்தான், முகவரியை அந்தப் பக்கம் திருப்பினால் ஐந்து நிமிஷத்துக்குள் எல்லோருக்கும் நகல் திறக்கும்படியும் செய்திருந்தான். திருப்பினான். லேப்டாப்பை மூடாமலே பைக்கின் டேங்கில் வைத்துக்கொண்டு கபூர் பாய் கடைக்கு வந்தான்.

"பாய், பாருங்க."

கபூர் பாய் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். "இல்லப்பா. மண்ணு."

"பக்கம் திறக்குதே!"

"திறக்குது. இனிக்கலியே."

தாவீது போனைப் பார்த்தான். பக்கத்தின் தலையில் தேதி இருந்தது. நேற்றைய தேதி. நகலை அவன் கடைசியாகப் புதுப்பித்தது நேற்று, இன்று காலையில் செங்கமலம் மாற்றிய எண்கள் எதுவும் அதில் இல்லை. அவன் ரோட்டைக் குறுக்கே ஓடி, வரிசையில் நின்றவர்களை விலக்கி, மருந்துச் சன்னலில் லேப்டாப்பை வைத்தான்.

"அக்கா, போனைக் கீழே வைங்க. நோட்டை எடுங்க. இன்னைக்கு எண்ணிக்கை முழுசும் சொல்லுங்க."

அவள் நோட்டைத் திறந்து வாசித்தாள். ஆஸ்பத்திரியின் பெயர், எத்தனை குப்பி, அடுத்த பெயர், எத்தனை குப்பி. வரிசையில் நின்ற இருமல்காரர்கள் இருமலை அடக்கிக்கொண்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கபூர் பாய் டப்பாவைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சிட்டிகை வைத்துப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். பத்து ஆனது, பதினைந்து ஆனது. இடது பக்கத்து ஆஸ்பத்திரி பதினெட்டாவதாக வந்தது. நேற்று ஆறு குப்பி என்றிருந்தது. "சைபர்" என்று வாசித்தாள் செங்கமலம். "நேத்து சாயந்திரம் ரெண்டு பேர் வந்துட்டாங்களாம். சைபர்." தாவீது அடித்தான். வலது பக்கத்து ஆஸ்பத்திரி இருபத்து மூன்றாவது, கடைசி. "முப்பத்தி ரெண்டு." அவன் பட்டனைத் தட்டினான், எதிரே கபூர் பாய் "இனிக்குது!" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

சின்னையன் அதற்குள் மூன்று மைல் போயிருந்தான். பவுனாம்பாளின் இமைகள் தொங்க ஆரம்பித்திருந்தன, தூக்கம் வருது என்றாள், அவன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கம் திறந்தது. இடது பக்கம் சைபர். வலது பக்கம் முப்பத்தி இரண்டு.

"வண்டியைத் திருப்புங்க!"

"என்னங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"அங்க மருந்து இல்லைங்க. திருப்புங்க!"

ஆட்டோ நடுரோட்டில் ஒரே ஒடிப்பில் திரும்பியது.

பவுனாம்பாளுக்கு அன்றைக்குப் பத்துக் குப்பியும் மறுநாள் பத்தும் ஏறின. இரண்டு நாள் குழாய் வைத்து மூச்சு விட்டாள், மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, பிடுங்கிப் போட்ட கடலைச்செடியை யாராவது எடுத்து வைத்தார்களா என்று கேட்டாள். எட்டாம் நாள் வீட்டுக்குப் போகிற வழியில் புருஷனும் பெண்டாட்டியும் செங்கமலத்தைப் பார்க்க வந்தார்கள், அவள் சாப்பாட்டுக்குப் போயிருந்ததால் கபூர் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஊர் கூடிவிட்டது. நடந்ததையெல்லாம் சின்னையன் ஒன்று விடாமல் சொன்னான். யாரையும் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை.

"அவங்க நம்பருக்கு நாலு தடவை போட்டேங்க. நாலு தடவையும் பிஸி. அவங்களுக்கு என்ன வேலையோன்னு நினைச்சுக்கிட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த நேரத்தில் யார் யார் போன் போட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும். குப்புராஜ் மட்டும் ஆறு தடவை போட்டிருந்தார். பாகு முறுகிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் பாருங்கள் என்று சொல்வதற்காக. அவர் எழுந்து பவுனாம்பாளின் முன்னால் வந்து நின்றார். அவளுடைய கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு, தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணா, உட்காருங்க. நான்தான் நல்லா இருக்கேனே" என்றாள் பவுனாம்பாள்.

மறுநாள் காலை குப்புராஜ் தாவீதின் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனி அது விழவே கூடாது. என்ன செய்யணும், சொல்லு."

"விழவே விழாத இடம்னு உலகத்துல ஒண்ணு கிடையாதுண்ணா. கம்மியா விழற இடம், விழுந்தா உடனே தூக்கற ஆளு, நமக்கு முதல்ல தெரியற வழி. இந்த மூணும் வேணும்."

நான்கு கம்பெனிகளை எழுதினார்கள். விளம்பரத்தில் எல்லாமே விழாது என்றுதான் சொன்னது, அதனால் தாவீது ஒவ்வொன்றிலும் பக்கத்தை ஒரு வாரம் குடிவைத்துப் பார்த்தான், பழைய இடத்தையும் விட்டுவிடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். ஊர் ஒரு மாதம் வாயில் கல்கண்டோடு திரிந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் யாராவது ஒருவர் சப்பிக்கொண்டிருப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். முதல் இடத்தில் தினமும் பத்து நிமிஷம் சப்பென்று ஆனது. இரண்டாவது நன்றாக இருந்தது, ஆனால் நகல் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். மூன்றாவதும் நான்காவதும் ஒரு நிமிஷம்கூட விழவில்லை. அந்த இரண்டில் எது என்பதைக் குப்புராஜ் தன் வழியில் முடிவு செய்தார். இரண்டுக்கும் போன் போட்டு, "எங்க பக்கம் விழுந்துடுச்சுன்னா நகலை வெச்சு எவ்வளவு நேரத்துல நிமித்துவீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார். ஓரிடத்தில் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று ஒரு இயந்திரம் அவரை அரைமணி நேரம் சுற்றவிட்டது. இன்னோரிடத்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"எனக்கு உறுதியாத் தெரியல சார். கேட்டுட்டுப் பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேன்."

எட்டாவது நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள், அன்றைக்கே ஒரு நகலிலிருந்து பக்கத்தை நிமிர்த்தியும் காட்டினாள்.

"இதுதான் இடம்" என்றார் குப்புராஜ். "தெரியலன்னு சொல்ற ஆளு இருக்கற இடம்."

பக்கம் அங்கே குடிபோனது. மணிக்கொரு நகல் தானாக வேறோர் ஊரில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போனது. ஊர் தூங்கும் நேரத்தில் யார் வாயிலும் சர்க்கரை இருக்காது என்பதால், மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்தைத் தட்டிப் பார்த்து, திறக்காவிட்டால் தன் போனை அலற வைக்கும் ஏற்பாடு ஒன்றையும் தாவீது செய்தான். ஒரு தட்டலில் திறக்காததற்கெல்லாம் அலறாது, இரண்டு இடங்களாவது ஒத்துச் சொன்னால்தான் அலறும். "அப்ப என் நாக்கு?" என்று கேட்டார் கபூர் பாய். "அது நாலாவது இடம் பாய்" என்றான் தாவீது. இனிப்பு போனால் செங்கமலத்துக்கு யாரும் போன் போடக் கூடாது, தாவீதைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஸ்வீட் ஸ்டால் சுவரில் குப்புராஜ் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்.

தீபாவளி வந்தது, லட்டு இனித்தது. பொங்கல் வந்தது, பொங்கலும் இனித்தது. பங்குனி முடிகிறவரை ஒருநாள்கூட, ஒரு வேளைகூட டீ சப்பென்று ஆகவில்லை. மலையடிவாரத்தில் ஒன்பது பேரைப் பாம்பு கடித்தது, ஒன்பது பேரும் நேராக மருந்து இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செங்கமலம் ஒன்பது வருஷம் கழித்து முதல்முறையாக மத்தியானச் சாப்பாட்டைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டாள்.

சித்திரையில் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பக்கம் விழுந்தது.

செங்கமலம் அதைத் தன் போனிலேயே பார்த்தாள். வெள்ளைத் திரை. போனை மேசைமேல் வைத்து, அது அடிக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கவில்லை. தலையை நிமிர்த்தியபோது வாசல்வழியே குப்புராஜ் வந்துகொண்டிருந்தார், கையெல்லாம் கடலைமாவு, செருப்பில்லாமல், மூச்சிரைக்க. அவருக்குப் பின்னால் கபூர் பாய். அவருக்குப் பின்னால் பூக்காரம்மா, பூசாரி, இரண்டு ஆட்டோக்காரர்கள், மடியில் குழந்தையோடு ஒருத்தி.

"அம்மா, பக்கம் வரலை" என்றார் குப்புராஜ். "தாவீது லைன்ல கம்பெனிக்காரங்களோட பேசிட்டு இருக்கான், மூணு நிமிஷம்னு சொல்லிட்டாங்களாம். உங்க போனுக்குப் போடக் கூடாதுல்ல, அதான் நடந்தே வந்துட்டோம். கடி கேஸ் ஏதாவது கூப்பிட்டாங்களா?"

"இல்லைண்ணா. லைன் சும்மாத்தான் இருக்கு."

"நோட்டு பக்கத்துல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி." அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். எல்லோரும் மேசைமேல் இருந்த அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது கூப்பிட்டால் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்ல அவள் விரல் முதல் வரியில் தயாராக இருந்தது.

வெளியே தாவீதின் குரல் கேட்டது. "வந்துடுச்சுக்கா! திறந்து பாருங்க!"

திறந்தாள். இன்றைய தேதி, இருபத்து மூன்று பெயர்கள், எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. பூக்காரம்மா எட்டிப் பார்த்து, "மூணாவது ஆஸ்பத்திரியில நாலுதான் இருக்கு போல, அனுப்பச் சொல்லுங்க மேடம்" என்றாள். செங்கமலம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

"ஏண்ணா, இனிப்பு போயிருந்துச்சா?" என்று கேட்டாள்.

குப்புராஜ் கபூர் பாயைப் பார்த்தார். கபூர் பாய் பூசாரியைப் பார்த்தார். கடை திறக்கும்போது பக்கத்தைப் பார்ப்பது, இடையில் ஒருமுறை பார்ப்பது என்று ஆளாளுக்குப் பழகியிருந்தார்கள், அப்படிப் பார்த்ததில் வரவில்லை, உடனே கிளம்பிவிட்டார்கள். அந்த மூன்று நிமிஷம் குறிச்சாம்பாறையில் சர்க்கரை இனித்ததா இல்லையா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அப்போது ஊரில் ஒருவர்கூட அதை வாயில் போட்டுப் பார்க்கவில்லை.